ஜோஸ்பினும் மஞ்சள் தடவிய காகிதமும்

பாகூரில் புதுப் பொருள் வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் பொருளை எடுப்பார்கள். என் பக்கத்து ரிப்பேர் கடை ஜோஸ்பின் மட்டும் அடியில் கிடக்கும் காகிதத்தை எடுப்பாள். மிக்சியோ மோடமோ, எது வந்தாலும் அப்படித்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொடி எழுத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு படிப்பாள். கடையில் மூன்று பேர் காத்திருந்தாலும் படித்து முடித்த பிறகுதான் ஸ்குரூ டிரைவரைத் தொடுவாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அப்படி இன்னாடி எழுதியிருக்கான் அதுல?"

"ஒண்ணுமில்லக்கா. நனைக்காத, கீழ போடாத, கொழந்த கையில குடுக்காதன்றான்."

"இத படிக்கணுமா?"

"கடைசி பத்தியில வேற எதுனா சொல்லுவான்."

நான் அருள்மொழி. பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவள் கடைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் யாரையாவது திட்டினால் அவளுக்குக் கேட்கும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும்.

ஜோஸ்பினுக்கு ஊர் குருவிநத்தம். வயது நாற்பத்து மூன்று. அவள் அம்மா ஆற்றோர வயல்களில் நாற்றுப் பறித்தும் நடவு நட்டும் மகளை எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படிக்க வைத்தார். படித்து முடித்ததும் புதுச்சேரி டவுனில் ஒரு டிவி சர்வீஸ் சென்டரில் வேலை. அங்கே ஆண் பிள்ளைகள் சோல்டரிங் வைத்தார்கள், இவளைப் பதிவேடு எழுத உட்கார வைத்தார்கள். பன்னிரண்டு வருஷம். பதிவேடு எழுதாத நேரத்தில் அங்கே கிடந்த காகிதங்களையெல்லாம் படித்தாள், படித்துப் படித்தே வேலையையும் கற்றாள். பிறகு அங்கிருந்து கிளம்பி வந்து பாகூரில் சொந்தக் கடை போட்டாள். கணவர் ஜெயசீலன் கம்பெனி வேன் ஓட்டுகிறார். மனைவி என்ன படிக்கிறாள் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த சர்வீஸ் சென்டரில்தான் அவள் அந்த விஷயத்தை முதலில் படித்தாள். டிவியில் செட்டிங்ஸுக்குப் போய்க் கடைசி வரை இறங்கினால் உரிமங்கள் என்று ஒரு பக்கம் வரும். உங்கள் வீட்டு டிவியிலும் இருக்கும், போய்ப் பாருங்கள். அதன்படி, அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற மென்பொருளில் பாதிக்கு மேல் கம்பெனி எழுதியதே இல்லை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் எழுதி, எல்லாருக்கும் பொதுவாக விட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் பொருளில் போட்டு விற்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. அதன் மூலநிரலை, அதாவது மனிதர் படித்துத் திருத்துகிற மாதிரி எழுதிய வடிவத்தை, கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

"கேக்கறது யாருன்னு பாக்காம குடுக்கணும்னு போட்டிருந்தான்க்கா," என்று ஜோஸ்பின் அதை என்னிடம் ஒரு பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். "அப்படி ஒருத்தன் எழுதிக்குடுத்தத அன்னிக்கிதான் பாத்தேன்."

சரி, நல்ல மனசுக்காரர்கள், நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன். வேலம்மாள் விஷயம் வரும் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வேலம்மாளும் குருவிநத்தம்தான். புருஷன் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. ஒரே மகள் சுகன்யாவைக் காட்டேரிக்குப்பத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஆற்றோரத்தில் இரண்டு காணி நிலமும் ஒரு போர்வெல்லும் இருக்கின்றன. உழவுக்கு டிராக்டர், நடவுக்கும் அறுப்புக்கும் ஆட்கள் என்று எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிற கெட்டிக்காரி. ஆனால் வரப்பில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டு, உள்ளே கம்பி வைத்த பிறகு, மோட்டார் போடுவதற்கு முக்கால் கிலோமீட்டர் வரப்பில் நடப்பது ஆகாத காரியமாகிவிட்டது. கொழுந்தனார் பலராமன் தன் ஆளை அனுப்புவார். அந்த ஆள் பலராமன் வயலுக்குப் பாய்ச்சிவிட்டு, கரெண்ட் மிச்சம் இருந்தால் இவள் வயலுக்கு வருவான்.

அப்போதுதான், 2022 தையில், கறவை மாட்டை விற்று வேலம்மாள் ஒரு மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கினாள். மோட்டார் கொட்டகையில் மாட்டுகிற பெட்டி அது. உள்ளே ஒரு சிம் இருக்கும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு கம்பெனி நம்பருக்குப் போன் போட்டு ஒன்றை அழுத்தினால் கம்பெனியின் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்லும், மோட்டார் ஓடும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி முப்பத்தெட்டுப் பெட்டி மாட்டியது ஜோஸ்பின். பலராமனும் இரண்டு வாங்கினார். ஆள் இருந்தாலும் வசதி வசதிதானே.

ஜோஸ்பினுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டியோடு வருகிற காகிதத்தைப் படித்து முடித்ததும் அதன் வெள்ளைப் பக்கத்தில், எந்த வயர் எங்கே போகிறது என்று அந்தக் கொட்டகைக்குரிய படத்தை வரைவாள். வரைந்ததை ஸ்டார்ட்டர் பலகைக் கதவின் உட்புறம் மைதாப் பசையால் ஒட்டிவிடுவாள். பிறகு யார் ரிப்பேருக்குப் போனாலும் குழப்பம் இருக்காது. நல்ல பழக்கம்தான். வேலம்மாள் வீட்டிலும் அதே மாதிரி காகிதத்தைத் திருப்பி வைத்துப் பேனாவை எடுத்தாள். வேலம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புதுக் காயிதம்மா. மஞ்ச தடவாம அதுல கிறுக்காத."

மஞ்சளைக் குழைத்து, பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரி நாலு மூலையிலும் தடவினாள். பிறகு கிறுக்கவே விடாமல் உள்ளே கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அந்த ஒரு கொட்டகையில் மட்டும் வயர் படம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது.

இரண்டரை வருஷம் பெட்டி நன்றாக ஓடியது. 2024 செப்டம்பர் கடைசியில் ஒருநாள் முப்பத்தெட்டும் ஒரே காலையில் நின்றன. கம்பெனியை வேறு ஒரு கம்பெனி வாங்கிவிட்டதாம். பழைய மாடலுக்கு இனிமேல் சேவை கிடையாது, புது மாடல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. பழைய போன் நம்பரும் இல்லை, வெப்சைட்டும் இல்லை. மாட்டை விற்று வாங்கிய பெட்டி சிவப்பு விளக்கு எரிந்துகொண்டு சுவரில் சும்மா தொங்கியது.

ஐப்பசியும் கார்த்திகையும் மழையில் போய்விடும். மார்கழியில் நவரைப் பட்டத்துக்கு நாற்று விட வேண்டும், அப்போது தண்ணீர் இல்லாமல் ஆகாது. இது வேலம்மாளுக்கும் தெரியும், பலராமனுக்கும் தெரியும். பலராமன் என் கடைக்குத்தான் வந்தார். அண்ணியின் இரண்டு காணியையும் அவர் குத்தகைக்கு எடுத்துக்கொள்வதாக ஒரு பத்திரத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னார். செய்து கொடுத்தேன், அதுதான் என் தொழில். ஆனால் சொந்தக்காரனுக்குக் குத்தகைக்கு விட்ட நிலம் திரும்பி வந்து இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை. வேலம்மாளும் பார்த்ததில்லை.

"தை பொறந்தா கையெழுத்து போடுறேன்னு அண்ணி சொல்லியிருக்காங்க," என்றார். "எத்தினி நாளைக்கு அந்தப் பொட்டிய பாத்துகினே குந்தியிருப்பாங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜோஸ்பின் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"நான் சொல்லித்தாங்க்கா அவங்க வாங்குனாங்க. மாட்ட வித்தாங்க."

"கம்பெனி மூடுனா நீ இன்னா பண்ணுவ?"

"அந்தக் காயிதத்துல கடைசி பத்தியில எழுதியிருந்தான்க்கா. பொட்டியில ஓடுறது பொதுவுல விட்ட மென்பொருள்தான். மூணு வருஷத்துக்குள்ள கேட்டா மூலநிரல் தரேன், இந்த விலாசத்துக்கு எழுதுன்னு போட்டிருந்தான். அது கெடச்சா கம்பெனிய நடுவுல இல்லாம பண்ணிடலாம். பொட்டிக்கே போன் போட்டா எடுக்கிற மாதிரி மாத்திடலாம்."

"விலாசம்?"

விலாசம் அச்சடித்த பக்கத்தில் இருந்தது. அச்சடித்த பக்கத்தை முப்பத்தேழு பலகையில் மைதாப் பசை போட்டுக் கவிழ்த்து ஒட்டியிருந்தாள்.

இரண்டு நாள் கொட்டகை கொட்டகையாகப் போனாள். தண்ணீர் தெளித்து ஊற வைத்தாள், பிளேடால் கிளப்பினாள். காகிதம் பஞ்சு பஞ்சாக வந்தது, எழுத்து பலகையோடு போனது. காகிதம் படிக்கிறவள் என்று ஊரே இவளுக்குப் பேர் வைத்திருந்தது. அந்தக் காகிதத்தை மூஞ்சி குப்புற ஒட்டினவளும் இவள்தான். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

மஞ்சள் காகிதம் எனக்குத்தான் நினைவு வந்தது. வயர் படத்தை வரைய விடாத கதையை அவளே முன்பு சொல்லியிருந்தாள். அன்றைக்கே இரண்டு பேரும் வேலம்மாள் வீட்டுக்குப் போனோம். ஜோஸ்பினின் அம்மா அந்த வீட்டில் பின்வாசலைத் தாண்டி வந்ததில்லை. ஜோஸ்பின் கருவிப் பையோடு முன்வாசல் வழியாகப் போய்ப் போய் அது பழகிவிட்டது. வேலம்மாள் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து காகிதத்தை எடுத்து, தூசி தட்டி, ஜோஸ்பின் கையில் கொடுத்தாள்.

"நான் படிக்கல. பத்திரமா மட்டும் வெச்சிருந்தேன்."

கடிதத்தை ஜோஸ்பின் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். கையெழுத்து வேலம்மாளுடையது, தமிழில். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். மூன்று வருஷக் கெடு முடிய மூன்று மாதமே இருந்தது. ஊருக்குள் விஷயம் பரவியதும் பலராமன் டீக்கடையில் சொன்னாராம், "அவங்கம்மா நம்ம வயல்ல நாத்து புடுங்குனவ. பொண்ணு கம்பெனிக்கு லெட்டர் போட்டு கேக்குறாளாம்." ஜோஸ்பின் காதுக்கும் வந்தது. அவள் பாட்டுக்கு சோல்டரிங் வைத்தாள். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

முப்பத்தாறு நாள் கழித்து, கம்பெனியை வாங்கிய புதுக் கம்பெனியிடமிருந்து உறை வந்தது. உள்ளே ஒரு டிவிடி. இப்போதெல்லாம் யாரிடம் டிவிடி போடுகிற கம்ப்யூட்டர் இருக்கிறது? என்னிடம் இருக்கிறது. பழசு பழசு என்று எல்லாரும் கேலி செய்த என் கம்ப்யூட்டர்தான் அன்றைக்கு உதவியது, இதைச் சொல்லாமல் விட முடியாது.

புதுச்சேரியில் இப்படிப் பொதுவில் விட்ட மென்பொருளுக்கென்றே ஞாயிறுதோறும் கூடுகிற கட்டற்ற மென்பொருள் குழு ஒன்று இருக்கிறது. அதில் கலைவேந்தன் என்று ஒருவர். கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். அவரும் ஜோஸ்பினும் நாலு ஞாயிறு உட்கார்ந்து, கம்பெனி கம்ப்யூட்டரைத் தேடுகிற பகுதியை எடுத்துவிட்டு, பதிந்து வைத்த போன் நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் மோட்டாரைப் போடு என்று மாற்றி எழுதினார்கள். மாற்றியதைப் பெட்டியில் ஏற்றினால் பெட்டி ஏற்கவில்லை. கம்பெனியின் சாவி போட்டுப் பூட்டிய மென்பொருளைத்தான் அது ஓட்டுமாம். மூலநிரலைக் கொடுத்துவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டிவிடியை உடைத்திருப்பேன்.

ஜோஸ்பின் அந்தப் பொது மென்பொருளின் உரிமத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். இரண்டு நாள் ஆனது. பெட்டிக்குள் இருந்த ஒரு பகுதி, உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வந்திருந்தது. வீட்டு உபயோகப் பொருளில் அதைப் போட்டு விற்றால், மாற்றியதை ஏற்றி ஓட்டுவதற்கு வேண்டியதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சாவியும் அதில் அடக்கம். இரண்டாவது கடிதம் போனது. இந்தத் தடவை பத்து நாளில் பதில். இது விவசாயக் கருவி, வீட்டு உபயோகப் பொருள் அல்ல, ஆகவே அந்த விதி பொருந்தாது என்றார்கள்.

மார்கழி பாதி ஆகிவிட்டது. வேலம்மாள் என் கடைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பலராமன் பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாராம்.

"போதும்மா ஜோஸ்பினு. நீயும் எவ்ளோதான் எழுதுவ. நான் போட்டுடறேன் கையெழுத்த."

ஜோஸ்பின் அந்த மஞ்சள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பில் ஒரு படம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் போனோடு சிரிக்கிற ஒரு பெண். கீழே, வீட்டுக்கும் தோட்டத்துக்கும் என்று கொட்டை எழுத்தில். மூன்று மாதமாக அது கண்ணுக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது.

"கடைசி பத்திய படிச்சேன்க்கா," என்றாள் என்னிடம். "தலைப்ப பாக்கல."

ஜெராக்ஸ் எடுத்தேன். மஞ்சள் தடவிய இடமெல்லாம் கறுப்பாக விழுந்தது. மேல் மூலையில் வேலம்மாள் கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள் அப்பியிருந்ததால், தொட்டியும் பெண்ணும் எழுத்தும் சேர்ந்து ஒரே கறுப்புக் கட்டி. இதை அனுப்பினால் கம்பெனிக்காரன் சிரிப்பான். கலரில் எடுத்துப் பார்த்தேன். மஞ்சளுக்குக் கீழே தொட்டி தெரிந்தது, பெண் தெரிந்தாள், எழுத்து பளிச்சென்று தெரிந்தது. வீட்டுப் பொருளா இல்லையா என்று சந்தேகம் வந்தால் வீட்டுப் பொருள் என்றே கொள்ள வேண்டும் என்று உரிமத்திலேயே ஒரு வரி இருந்தது. அதையும் எடுத்து எழுதி மூன்றாவது கடிதத்தை அனுப்பினோம். வேலம்மாள் பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பொங்கல் வரை பொறுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போகிக்கு முதல் நாள் ஜோஸ்பினுக்கு மின்னஞ்சல் வந்தது. இரண்டு வரி, கூடவே ஒரு சின்ன கோப்பு. அதுதான் சாவி. மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று காலை பத்து மணி. ஜோஸ்பின் கொட்டகையில் இருந்தாள், நான் வேலம்மாள் வீட்டில் இருந்தேன். வேலம்மாள் தன் பட்டன் போனில் நம்பரைப் போட்டாள். மணி அடித்து, இரண்டு தடவை பீப் என்று சொல்லிவிட்டு, தானாகவே கட்டானது. மோட்டார் சத்தம் வீடு வரை கேட்காது. நாங்கள் இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜோஸ்பின் கூப்பிட்டாள்.

"தண்ணி வருதும்மா."

"கம்பெனிக்காரனுக்குச் சொல்லணுமா?"

"யாருக்கும் சொல்ல வேணாம்."

வேலம்மாள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, சொன்னால் என்ன. பிறகு அவள் குத்தகைப் பத்திரத்தை எடுத்து, பொங்கல் அடுப்பில் போடாமல், நாலாக மடித்துப் பலராமன் வீட்டுக்கே திருப்பி அனுப்பினாள். நல்ல தாள், பின்பக்கம் எதற்காவது ஆகும் என்று சொல்லி அனுப்பினாள்.

மாற்றிய மென்பொருளை மற்றவர்களின் பெட்டியில் ஏற்றும்போது அதே நிபந்தனை ஜோஸ்பினுக்கும் உண்டு. அதனால் ஒரு துண்டுச்சீட்டு தயார் செய்தாள். இந்தப் பெட்டியில் உள்ள மென்பொருளின் மூலநிரலை, கேட்பவர் யாராயிருந்தாலும் தருவேன், இப்படிக்கு ஜோஸ்பின், பாகூர். தமிழில் எழுதி என்னிடம் கொடுத்தாள்.

"ரெண்டு பக்கமும் அடிச்சிடுக்கா. நானே மறுபடி கவுத்து ஒட்டிடுவேன்."

தை மூன்றாம் வாரம். வேலம்மாள் தன் சீட்டை வாங்க வந்து, கையோடு கொண்டுவந்த மஞ்சளை அதன் மூலைகளில் தடவிக்கொண்டு என் கடையில் உட்கார்ந்திருந்தாள். அப்போது பலராமன் வந்தார். கையில் துணிப்பை, பையில் அவருடைய இரண்டு பெட்டிகள். மோட்டார் போடுகிற ஆள் பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லையாம். ஜோஸ்பினிடம் பேசாமல் என்னிடம் கேட்டார்.

"இதுக்கும் ஏத்தலாம்ல?"

நான் தடுப்புக்கு மேலாக எட்டி ஜோஸ்பினைப் பார்த்தேன். அவள் தலையைத் தூக்கவில்லை. சோல்டரிங் இரும்பைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். டீக்கடைப் பேச்சு அவள் முகத்தில் அப்படியே இருந்தது. எனக்குத் தெரிந்து, ஒரு காகிதத்தில் எழுதியிருப்பது இல்லாமல் போகட்டும் என்று அவள் நினைத்தது அந்த ஒரு தடவைதான். நானாக இருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

பலராமன் மேஜையில் இருந்த சீட்டை எடுத்துப் படித்தார். திருப்பியும் படித்தார்.

"யாராயிருந்தாலும்னு போட்டிருக்குது," என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எங்க கையெழுத்து போடணும்?"

வேலம்மாள் மஞ்சள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கையெழுத்தெல்லாம் வேணாம் தம்பி. அவகிட்ட கேட்டா போதும்."

பலராமன் பேனாவை மூடிப் பையில் வைத்தார். ஜோஸ்பின் பக்கம் திரும்ப அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, "எனக்கும் குடும்மா" என்று கேட்டார்.